ஊசி எங்கே இறங்க வேண்டும்?

காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குபவர், துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர், எண்ணூர்ப் பக்கம் வார்ப்பாலையில் வேலை செய்பவர் ஆகிய யாருக்குத் தொடையில் வீக்கம் வந்தாலும் அதற்கு ஒரு காரணம் தயாராக இருக்கும். "போன மாசம் கம்பி இட்ச்சிது, அதான்." வலி இருக்காது. வேலையும் கெடாது. கொஞ்ச நாள் தைலம், கொஞ்ச நாள் வெந்நீர் ஒத்தடம். பிறகு பேன்ட் ஒரு பக்கம் மட்டும் இறுக்கும்போதுதான் வீட்டில் யாராவது, "இத டாக்டரண்ட காட்டு" என்பார்கள்.

அடிபட்டதால் மென்திசுப் புற்று வருவதில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்த கட்டியின் மேல் கை போக வைத்ததுதான் அந்த அடி செய்த வேலை. ஆனால் கையில் ஒரு காரணம் இருக்கும்போது யாரும் வேறு காரணம் தேடுவதில்லை. மாதங்கள் அப்படித்தான் போகின்றன.

பயமுறுத்துவது என் நோக்கமல்ல. தோலுக்கடியில் தட்டுப்படும் கட்டிகளில் ஆகப் பெரும்பாலானவை சாதுவான கொழுப்புக் கட்டிகள்தாம். ஒரு புற்றுக்கு நூறு சாதுக் கட்டி என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. தசை, கொழுப்பு, நரம்பு உறை, இரத்தக் குழாய், மூட்டுகளைச் சுற்றிய திசு ஆகியவற்றில் தோன்றும் புற்றுகளுக்கு சார்கோமா என்று பெயர். பெரியவர்களுக்கு வரும் புற்றுகளில் இவை சுமார் 1 சதவீதம். அந்த 1 சதவீதத்துக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு பொது மருத்துவர் தம் வாழ்நாளில் இரண்டோ மூன்றோ பார்த்திருந்தால் அதிகம். தெருமுனை கிளினிக்கில் "கொழுப்புக் கட்டிதான்" என்று சொல்லி அனுப்புகிறவரைத் திட்டிப் பயனில்லை. அவர் பார்த்த நூறில் தொண்ணூற்றொன்பது அதுவாகத்தான் இருந்திருக்கும்.

சார்கோமா என்று தெரிந்த பிறகு வரும் கேள்வி அதன் கிரேடு என்ன என்பது. மார்பகப் புற்றுக்கோ குடல் புற்றுக்கோ அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதே முதல் கேள்வி. சார்கோமாவில் செல்களின் குணம் அதற்குச் சமமான இடத்தைப் பிடிக்கிறது. கிரேடு 1 பெரும்பாலும் இருந்த இடத்திலேயே வளரும். கிரேடு 3 இரத்தத்தில் ஏறி நுரையீரலுக்குப் போகும். அறுவை மட்டும் போதுமா, கதிர்வீச்சும் வேண்டுமா, கீமோ கொடுக்கலாமா என்பதெல்லாம் இந்த எண்ணை ஒட்டித்தான் முடிவாகும்.

இந்த எண்ணை இன்றைக்கும் மைக்ராஸ்கோப் வழியாகத்தான் தருகிறார்கள். பிரெஞ்சு புற்றுநோய் மையங்கள் 1980களில் உருவாக்கிய மதிப்பெண் முறை உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் மூன்று பாடங்கள். தாய்த் திசுவின் சாயல் செல்லில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதற்கு 1 முதல் 3 வரை. மைக்ராஸ்கோப்பின் பத்துப் பார்வைப் புலங்களில் எத்தனை செல்கள் பிளந்துகொண்டிருக்கின்றன என்பதற்கு 1 முதல் 3 வரை. 9 வரை இருந்தால் 1, 20-ஐத் தொட்டால் 3. கட்டிக்குள் எவ்வளவு பங்கு செத்துக் கிடக்கிறது என்பதற்கு 0 முதல் 2 வரை. பாதிக்கு மேல் செத்திருந்தால் 2. கூட்டினால் 2, 3 வந்தால் கிரேடு 1. 4, 5 என்றால் கிரேடு 2. 6-ம் அதற்கு மேலும் என்றால் கிரேடு 3. இந்தப் பரீட்சையில் மதிப்பெண் கூடினால் வீட்டில் யாரும் சந்தோஷப்பட மாட்டார்கள்.

முறை நல்ல முறைதான். சிக்கல் வேறிடத்தில். பெத்தாலஜி மருத்துவர் பார்ப்பது பயாப்ஸிக்காகக் கட்டியில் குத்திய ஊசியில் வந்த திசுவை மட்டுமே. பென்சில் முனை அளவு அகலம், ஓரிரு சென்டிமீட்டர் நீளம் கொண்ட சில துண்டுகள். கட்டியோ ஒரு பெரிய மாம்பழம் அளவு. அதன் எல்லாப் பகுதியும் ஒரே குணத்தோடு இருந்தால் கவலையில்லை. சார்கோமா அப்படி இருப்பதில்லை. ஒரு ஓரம் கிரேடு 1, நடுவில் சீழ்போல் செத்த திசு, மறு ஓரத்தில் கிரேடு 3 என்று ஒரே கட்டிக்குள் எல்லாம் இருக்கும். நோயாளியின் கதியைத் தீர்மானிப்பது அதில் ஆக மோசமான பகுதி. ஊசி அதைத் தொடாவிட்டால் அறிக்கை பொய் சொல்லாது, ஆனால் உண்மையையும் முழுதாகச் சொல்லாது.

பெட்-சி.டி. ஸ்கேன் கதைக்குள் வரும் இடம் இதுதான்.

புற்றுச் செல்கள் குளுக்கோஸை அளவுக்கு மீறி உறிஞ்சுகின்றன என்பதை ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க் 1920களில் கண்டார். ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் அவை சர்க்கரையை அரைகுறையாகவே எரித்து லாக்டிக் அமிலமாகத் தள்ளிவிடும். அதனால்தான் அவற்றின் பசி அடங்குவதில்லை. அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில், குளுக்கோஸ் மூலக்கூறில் ஒரு மூலையை மாற்றி அங்கே கதிரியக்க ஃபுளோரின்-18 அணுவைப் பொருத்தினார்கள். அதுதான் எஃப்.டி.ஜி. செல் இதை நிஜக் குளுக்கோஸ் என்று நம்பி உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் நொதி அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டும். அடுத்த நொதிக்கு மாற்றப்பட்ட அந்த மூலை பிடிபடாது. மேலே போகவும் முடியாமல், வெளியே வரவும் முடியாமல் எஃப்.டி.ஜி. செல்லுக்குள்ளேயே தேங்கிவிடும். பசி அதிகமுள்ள செல்லில் தேக்கமும் அதிகம்.

1976 ஆகஸ்டில் புரூக்ஹேவனிலிருந்து இந்த மருந்தை விமானத்தில் பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோய், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அபாஸ் அலாவி குழுவினர் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தினார்கள். விமானம் எதற்கு? ஃபுளோரின்-18 சுமார் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் பொருள். இந்தக் கணக்கு இங்கேயும் விடாது. எண்ணூரிலிருந்து காலை ஒன்பது மணி ஸ்கேனுக்குக் கிளம்பியவர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டி ஒரு மணி நேரம் தாமதமானால், அவர் பெயரில் அளந்து வைத்த மருந்தில் மூன்றில் இரண்டு பங்குதான் வீரியத்தோடு மிஞ்சும். அதை வாங்கிவைத்து நாளைக்குப் போட முடியாது.

செல்லில் தேங்கிய ஃபுளோரின்-18 சிதையும்போது ஒரு பாசிட்ரான் வெளிப்படும். அது ஒரு மில்லிமீட்டருக்குள் ஏதாவது ஓர் எலக்ட்ரானைச் சந்தித்து இரண்டும் அழியும். பதிலுக்கு 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமாக் கதிர்கள் நேரெதிர்த் திசைகளில் பாயும். நோயாளியைச் சுற்றியுள்ள வளையத்தில் எதிரெதிரான இரு உணரிகள் ஒரே கணத்தில் துடித்தால், சம்பவம் அவ்விரண்டையும் இணைக்கும் கோட்டில் எங்கோ நடந்திருக்கிறது. கோடிக்கணக்கான இத்தகைய கோடுகளை வைத்துக் கணினி படம் வரைகிறது. அதுதான் பெட் படம்.

படத்தில் பிரகாசமாக ஒரு புள்ளி தெரியும். ஆனால் அது தொடை எலும்பிலா, தசையிலா, பக்கத்து இரத்தக் குழாயிலா என்று பெட் படத்தை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு காலத்தில் பெட் பிலிமையும் உடம்பின் அமைப்பைக் காட்டும் சி.டி. பிலிமையும் அருகருகே விளக்குப் பெட்டியில் மாட்டி, மருத்துவர்கள் கண்ணாலேயே பொருத்திப் பார்த்தார்கள். டேவிட் டவுன்சென்டும் ரொனால்ட் நட்டும் இரண்டு கருவிகளையும் ஒரே கூட்டில் பொருத்தினார்கள். அவர்களின் முதல் மாதிரி 1998-இல் பிட்ஸ்பர்க்கில் நிறுவப்பட்டது. நோயாளி அதே படுக்கையில் அசையாமல் கிடக்க, இரண்டு படமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. எண்ணூரில் ஓர் ஆலையின் வரைபடம் ஒரு கையிலும், அதன் ஒவ்வொரு ஷெட்டுக்குமான மின் மீட்டர் கணக்கு மறு கையிலும் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். எந்தச் சுவர் எங்கே என்பதை வரைபடம் சொல்லும். எந்த ஷெட்டில் ராத்திரி ஷிப்டு ஓடுகிறது என்பதை மீட்டர் சொல்லும்.

இனி ஒரு நோயாளியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். வயது ஐம்பத்தைந்து, ராயபுரம், சுமைப் பணியாளர். வலது தொடையின் பின்பக்கம் 14 செ.மீ. கட்டி. ஸ்கேன் அறைக்கு வெளியே அவரைப் படுக்க வைத்து சிஸ்டர் விசாரிக்கிறார்.

"அண்ணா, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்டல சிஸ்டர். ஒரு டீதான் குட்ச்சேன்."

"சர்க்கரை போட்டா?"

"சக்கர இல்லாம டீ எப்டி சிஸ்டர்?"

போயிற்று. அந்த ஒரு டீ இன்சுலினைச் சுரக்க வைத்திருக்கும். இன்சுலின் உடம்பிலுள்ள தசைகளின் கதவையெல்லாம் திறந்துவிடும். எஃப்.டி.ஜி. கட்டிக்குப் போவதை விட்டுத் தசைகளுக்குள் ஓடிவிடும். ஸ்கேனுக்கு முன் ஆறு மணி நேரப் பட்டினி வேண்டும்; பட்டினி என்பதற்குப் பச்சைத் தண்ணீர் மட்டும் என்று பொருள். சர்க்கரை நோய் இருந்தால் இரத்தச் சர்க்கரை 200-க்குக் கீழே இருக்க வேண்டும். ஊசிக்கு முன்னால் இன்சுலின் போட்டு அவசரமாகக் குறைக்கவும் கூடாது; அதுவும் தசைக்கே வழிவிடும். உழைப்பாளிகளுக்கென்று இன்னொரு விதி உண்டு. முந்தின நாள் மூட்டை தூக்கவோ வலை இழுக்கவோ கூடாது. கடுமையாக உழைத்த தசை மறுநாளும் சர்க்கரையை இழுக்கும். கட்டி இருப்பதே தசைக்கு நடுவில் என்னும்போது இது சின்ன விஷயமல்ல. ஒரு நாள் கூலி போகும் என்பதும் உண்மை. அதை முன்கூட்டியே, தமிழில், காரணத்தோடு சொன்னால் பெரும்பாலோர் கேட்பார்கள். துண்டுச்சீட்டில் ஆங்கிலத்தில் அச்சடித்துக் கொடுத்தால் டீ குடித்துவிட்டுத்தான் வருவார்கள்.

அவர் இன்னொரு நாள் வெறும் வயிற்றோடு வருகிறார். ஊசி போட்டு ஒரு மணி நேரம் பேசாமல், போர்வைக்குள் படுத்திருக்கிறார். ஏ.சி. குளிரில் நடுங்கினால் கழுத்தருகே உள்ள பழுப்புக் கொழுப்பு சர்க்கரையைத் தின்னும் என்பதற்காக அந்தப் போர்வை. படம் வருகிறது.

சி.டி.யில் கட்டியின் மேல் முக்கால் பங்கு கறுப்பாக, ஹவுன்ஸ்பீல்டு அளவில் கழித்தல் 100 அருகில் இருக்கிறது. அது கொழுப்பு. கீழே எலும்பை ஒட்டி ஒரு சாம்பல் முடிச்சு, கூட்டல் 40. அது தசையைப் போன்ற திடமான திசு. பெட் படத்தில் கொழுப்புப் பகுதி ஏறக்குறைய அணைந்தே கிடக்கிறது. முடிச்சு மட்டும் வளையமாகப் பிரகாசிக்கிறது. வளையத்தின் நடுவில் ஒன்றுமில்லை. அங்கே செல்கள் செத்துவிட்டன.

இப்போது அந்த மூன்று பாடங்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கொழுப்பு கொழுப்பாகவே தெரிவது, தாய்த் திசுவின் சாயல் மிச்சமிருப்பதன் அடையாளம். சாயல் இழந்த பகுதி எது என்பதை சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் காட்டுகின்றன. செத்த திசு எவ்வளவு என்பதை வளையத்தின் நடுவிலுள்ள இருட்டு கோடிகாட்டுகிறது. செல் பிளவின் வேகத்தைப் படம் நேரடியாகக் காட்டாது. ஆனால் வேகமாகப் பிளக்கும் செல்லுக்குச் சர்க்கரை அதிகம் வேண்டும் என்பதால், பிரகாசத்தின் அளவு அதைப் பற்றி ஓர் ஊகம் தருகிறது. பெத்தாலஜி மருத்துவர் ஒரு சிறு துண்டில் எண்ணுவதை, படம் முழுக் கட்டியிலும் தோராயமாக எழுதிக் காட்டுகிறது. இரண்டு படங்களைச் சேர்ப்பதன் முழு லாபமும் இதில்தான் என்பேன்.

பிரகாசத்துக்கு ஓர் எண் உண்டு, எஸ்.யூ.வி. செலுத்திய மருந்து உடல் முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால் எல்லா இடத்திலும் அது 1 ஆக இருக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 370 மெகாபெக்கரல் கொடுத்தால், கிராமுக்குச் சுமார் 6 கிலோபெக்கரல் என்பது 1. ஓரிடத்தில் 60 இருந்தால் அங்கே எஸ்.யூ.வி. 10. நோயாளிகளும் உறவினர்களும் அறிக்கையைப் பிரித்ததும் இந்த எண்ணைத்தான் தேடுகிறார்கள். எண் பெரிது என்றால் அழுகை, சிறிது என்றால் கோயிலுக்குத் தேங்காய். இரண்டுக்கும் அவசரப்பட வேண்டியதில்லை.

ஜான் ஐயோனிடிஸும் ஜோசப் லாவும் 2003-இல் அதுவரை வந்த 15 ஆய்வுகளில் இருந்த 441 மென்திசுக் கட்டிகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நடுத்தர, உயர் கிரேடு சார்கோமாக்கள் அத்தனையும் பெட் படத்தில் கண்ணுக்குத் தெரிந்தன. குறைந்த கிரேடில் நான்கில் மூன்று தெரிந்தன. சாதுக் கட்டிகளிலும் பத்தில் நான்கு தெரிந்தன. அழற்சிக் கட்டிகள் 12-இல் 11 பிரகாசித்தன. ஆக, உயர் கிரேடைத் தவறவிடாமல் காட்டுவதில் பெட் கெட்டிக்காரன். குறைந்த கிரேடையும் சாதுவையும் பிரிக்கச் சொன்னால் அது திணறும்.

அந்த 12-இல் 11 நம்மூருக்கு முக்கியம். காசநோய் இன்னும் குறையாத ஊர்களில், தசைக்குள் வலியில்லாமல் தேங்கும் காசநோய்ச் சீழ்க்கட்டி சார்கோமாவைப் போலவே பெரிதாகி, சார்கோமாவைப் போலவே வளையமாகப் பிரகாசிக்கும். அழற்சிச் செல்களும் சர்க்கரை தின்பவைதாம். சாதுவான நரம்பு உறைக் கட்டியான ஷ்வான்னோமாவும் சில நேரம் நன்றாகவே ஒளிரும். எதிர்ப்பக்கமும் உண்டு. மிக்ஸாய்டு லைப்போசார்கோமா என்ற வகையில் செல்கள் குறைவு, கூழ்போன்ற பொருள் அதிகம். பெட் படத்தில் அது மங்கலாகத்தான் தெரியும். அது எலும்புக்குப் பரவினாலும் பெட் கோட்டை விடலாம், அங்கே எம்.ஆர்.ஐ.தான் நம்பிக்கை. பெட்டையும் எம்.ஆர்.ஐ.யையும் இணைத்த கருவிகளும் வந்துவிட்டன, ஆனால் அவற்றின் விலை இறங்க இன்னும் பல வருடம் காத்திருக்க வேண்டும்.

எனவே, எஸ்.யூ.வி.யைப் பார்த்து கிரேடு எழுதுவதை நான் ஏற்கவில்லை. ஊசி எங்கே இறங்க வேண்டும் என்று சொல்வதே இந்தப் படத்தின் தலையாய வேலை. நம் ராயபுரத்துக்காரருக்கு வெளியிலிருந்து கைக்குத் தட்டுப்படும் இடத்தில் ஊசி போட்டால் கொழுப்பு வரும். "நன்கு முதிர்ந்த கொழுப்புத் திசு, கிரேடு 1" என்று அறிக்கையும் வரும். இருட்டு நடுவில் குத்தினால் செத்த திசு வந்து ஒன்றுமே தெரியாது. பிரகாசிக்கும் வளையத்தின் சுவரில், சி.டி. வழிகாட்ட, அகலமான ஊசியால் எடுத்தால்தான் அந்த முடிச்சு கொழுப்புச் சாயலை இழந்த லைப்போசார்கோமா என்பது புலப்படும். அதற்குரிய கிரேடு, அதற்குரிய சிகிச்சை.

ஊசி போகும் பாதையும் முன்யோசனையோடு இருக்க வேண்டும். பின்னால் அறுவை செய்பவர் கட்டியோடு அந்தப் பாதையையும் சேர்த்து வெட்டி எடுப்பார். கையிலும் காலிலும் தழும்பு நீளவாக்கில்தான் ஓட வேண்டும். குறுக்கே ஒரு கீறல் போட்டுவிட்டால் பிறகு எடுக்க வேண்டிய சதை இரட்டிப்பாகும். ஆகவே பயாப்ஸி எடுப்பதற்கு முன் கதிரியல் மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஒரே திரையைப் பார்த்துப் பேசிக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லாக் கட்டிக்கும் பெட் எடுக்க ஓட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு நல்ல எம்.ஆர்.ஐ.யும், ஒழுங்கான ஊசி பயாப்ஸியும், நுரையீரலுக்கு ஒரு சி.டி.யும் போதும். கட்டி தசையின் உறைக்கு மேலா கீழா, தொடை இரத்தக் குழாயையும் சயாட்டிக் நரம்பையும் தொடுகிறதா, சுற்றிலும் வீக்கம் பரவியிருக்கிறதா என்பதையெல்லாம் எம்.ஆர்.ஐ. போல் வேறெதுவும் காட்டாது. பெரிய, ஆழமான, உள்ளே பல குணம் கொண்ட கட்டிக்குப் பெட் பயன்படும். பயாப்ஸி சாது என்று சொல்ல, உடம்பு வேறுவிதமாகச் சொல்லும்போதும் உதவும். உடம்பெங்கும் நரம்புக் கட்டிகள் வரும் பரம்பரை நோயான நியூரோஃபைப்ரோமட்டோசிஸில் அது விலைமதிப்பில்லாதது. டஜன் கணக்கான கட்டிகளில் எது புற்றாக மாறுகிறது என்பதைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. லண்டன் கைஸ் மருத்துவமனைக் குழு, ஊசி போட்டு நான்கு மணி நேரம் கழித்து எடுத்த படத்தில் எஸ்.யூ.வி. 3.5-ஐத் தாண்டும் கட்டியைச் சந்தேகிக்கச் சொன்னது.

வட சென்னைக்காரர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1782-இல் பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி 1799-இல் ஜான் அண்டர்வுட் தொடங்கிய வைத்தியசாலைதான் பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனை ஆனது. பெரியவர்கள் இன்னும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஜி.எச். என்னும் அரசுப் பொது மருத்துவமனை; அதன் வளாகத்தில் 1934-இல் திறந்த பர்னார்டு கதிரியல் நிறுவனம். அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் 1954-இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை. பெட் எல்லா அரசு ஆஸ்பத்திரியிலும் கிடையாது. எங்கே அனுப்புவது என்பது இங்கிருக்கும் மருத்துவர்களுக்குத் தெரியும்.

சார்கோமா சிகிச்சையில் ஆக அதிகச் சேதம் நடப்பது ஸ்கேன் அறையில் அல்ல. கொழுப்புக் கட்டி என்று நம்பி, படமே எடுக்காமல், மரத்துப்போகும் ஊசி போட்டு அரை மணி நேரத்தில் வெட்டி எடுக்கும் சிறு அறுவை அறையில்தான் அது நடக்கிறது. கட்டி உடையும், செல்கள் சுற்றுத் தசையில் சிதறும், எல்லை எதுவென்றே பிறகு தெரியாது. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் வாளியில் போட்டுவிட்டால் கிரேடு என்ற கேள்விக்கே இடமில்லை.

ஆகவே உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ உள்ள கட்டி 5 செ.மீ.க்கு மேல் இருந்தால், அல்லது ஆழத்தில் இருந்தால், அல்லது வளர்ந்துகொண்டே போனால், வலிக்கவில்லை என்றாலும் காட்டுங்கள். கத்தி வைக்கச் சம்மதிக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: "எம்.ஆர்.ஐ. பார்த்துட்டீங்களா டாக்டர்? பயாப்ஸி எங்க எடுக்கணும்னு ஆபரேஷன் பண்ணப் போறவர்கிட்டப் பேசியாச்சா?" அறிக்கைத் தாளோடு படங்கள் பதிந்த குறுந்தட்டையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மருத்துவருக்குத் தேவைப்படுவது அந்தத் தட்டுதான்.